அரிசி இருந்தும் அணைந்த அடுப்பு: திருகோணமலைப் பள்ளிவாசல் சமையற்கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரில் உள்ள ஒரு பள்ளிவாசலில் 2022 இல் ஒரு சமையற்கூடம் தொடங்கியது. சில மாதம் ஓடி நின்றுபோனது. பிறகு வேறொரு ஏற்பாட்டோடு மறுபடி தொடங்கி இன்றும் நடக்கிறது. நின்றுபோன நாளில் பள்ளிவாசலின் களஞ்சிய அறையில் அரிசி மூட்டைகள் சுவரோடு சுவராக அடுக்கியிருந்தன. சாப்பிட வருகிறவர்களும் குறையவில்லை, பரிமாற இளைஞர்களும் இருந்தார்கள். இத்தனையும் இருக்க அடுப்பு ஏன் அணைந்தது? இந்த ஆய்வின் கேள்வி இதுதான்.

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தே காலம் போக்கி ஓய்வுபெற்றவன் நான். பள்ளியின் பொருளாளர் எனக்குப் பழைய பழக்கம். ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவேன். "சேர், ஒருக்கா வந்து புத்தகத்தப் பாருங்க. எங்க பிழைக்குதுண்டு சொல்லுங்க" என்று அவர் கேட்டதால்தான் போனேன். பள்ளியின் பெயரைப் போடவேண்டாம் என்று நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அது நியாயமான வேண்டுகோள்; ஆட்களின் பெயர்களும் இதில் இல்லை.

நோன்புக் கஞ்சியிலிருந்து

ரமழானில் கஞ்சி காய்ச்சாத பள்ளிவாசலைத் திருகோணமலை மாவட்டத்தில் தேடித்தான் பார்க்கவேண்டும். புல்மோட்டையிலிருந்து தோப்பூர் வரை, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த கையோடு பிள்ளைகள் வாளியும் கேத்தலுமாக வரிசையில் நிற்பார்கள். பச்சையரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, இஞ்சி, வெந்தயம், ரம்பை, கறுவா. அன்றைய கஞ்சியைப் பொறுப்பெடுத்தவர் கொஞ்சம் தாராளமானவர் என்றால் இறைச்சியும் விழும். முப்பது நாளுக்கும் முப்பது குடும்பம் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடும். இடம் கிடைக்காதவர்கள் கோபித்துக்கொள்வதும் உண்டு. சவூதியிலிருந்து அன்பளிப்பாக வரும் பேரீச்சம்பழம் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களம் வழியாகப் பள்ளிகளுக்கு வந்து சேரும். கஞ்சி முஸ்லிம் வீடுகளோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரனாக நானும் சின்ன வயதிலிருந்து குடித்து வளர்ந்தவன்தான்.

2022 இல் ரமழான் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. அந்த மாதம் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. 12.5 கிலோ லிட்ரோ சமையல் எரிவாயு சிலிண்டர் முந்தைய ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய். ஏப்ரல் முடியும்போது 4,860. அதுவும் கிடைத்தால்தான். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 க்குத் தாவியது. வெளியூர்க்காரருக்கு இது அடுப்புச் சங்கதி. எங்கள் ஊரில் அது கடல் சங்கதி. கொட்டியாரக் குடாவிலும் திருக்கடலூர்ப் பக்கத்திலும் தொழிலுக்குப் போகிற சின்னப் படகுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது. படகு கரையில் கிடந்தால் அந்த வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 விழுக்காடு.

பெருநாள் முடிந்தும் பிள்ளைகள் வாளியோடு வந்து நின்றார்கள். "நோன்பு முடிஞ்சிட்டு மகன், கஞ்சியும் முடிஞ்சிட்டு" என்று மோதினார் (பாங்கு சொல்பவர்) சொன்னபிறகும் போகவில்லை. சில நாளில் பெரியவர்களும் வந்தார்கள். நிர்வாகம் கூடி, பகலில் ஒரு வேளை கஞ்சியும் ஒரு சம்பலும் கொடுப்பதென்று முடிவெடுத்தது. யார் வந்தாலும் கொடுப்பது. எத்தனை நாளைக்கு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதவில்லை. எந்தக் காசில் என்றும் எழுதவில்லை. இந்த இரண்டு வெற்றிடமும் பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் காரணம்.

புத்தகத்தில் கண்டது

வரவுப் பக்கத்தில் முக்கால்வாசி நெல்லும் அரிசியும். திருகோணமலை மாவட்டத்துக்கு இது இயல்பு. கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் வயல்காரர்கள் பெரும்போக வெட்டு முடிந்து ஒரு தரம், சிறுபோகம் முடிந்து ஒரு தரம் நெல்லுக்கான ஸக்காத்தை, அதாவது மார்க்கம் கடமையாக்கிய தருமப் பங்கை, கொண்டுவந்து கொடுப்பார்கள். மழையை நம்பி விளைந்ததென்றால் பத்தில் ஒன்று, செலவழித்துத் தண்ணீர் பாய்ச்சியதென்றால் இருபதில் ஒன்று. 2021 இல் இரசாயன உரத்தை நிறுத்தியதால் விளைச்சல் அடிவாங்கியிருந்தது. அப்படியும் நெல் வந்தது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பியதும் அரிசியாகவே வந்தது: "ஒரு மூட்டை என் உம்மாவின் பேரில்" என்று கடைக்குக் காசு போகும், கடையிலிருந்து மூட்டை வரும்.

செலவுப் பக்கத்தில் அரிசியே கிடையாது. தேங்காய், விறகு, உள்ளி, உப்பு, தண்ணீர் பில், பாத்திரம் கழுவும் சோப்பு, கிடாரத்துக்கு (பெரிய சமையல் பாத்திரம்) ஈயம் பூசிய கூலி, சமையல்காரருக்குச் சம்பளம். பத்துக் கிலோ அரிசிக் கஞ்சிக்கு இருபது இருபத்தைந்து தேங்காயாவது வேண்டும் என்பது சமையல்காரரின் கணக்கு. தேங்காய் இல்லாமல் காய்ச்சிய நாளும் உண்டாம். அன்று பாதிக் கஞ்சி கிடாரத்திலேயே கிடந்தது என்றார். பசித்தவனுக்கும் நாக்கு உண்டு என்பது தானம் செய்கிறவர்களுக்கு அடிக்கடி மறந்துபோகிற சங்கதி.

ஆக வரவில் இருந்ததெல்லாம் செலவில் இல்லை, செலவில் இருந்ததெல்லாம் வரவில் இல்லை. மூட்டை அரிசி கொடுத்தால் கொடுத்தவர் மனம் நிறையும். பார்க்கிறவர் கண்ணிலும் அது படும். சோப்புக் கட்டி வாங்கிக் கொடுத்தவருக்காக யார் ஜும்ஆவில் துஆ கேட்கிறார்கள்? எங்கள் கோயில்கள் இதில் உசத்தி என்று நினைக்கவேண்டாம். திருவிழா அன்னதானத்துக்கு உபயகாரர் வரிசையில் நிற்பார்கள். அதற்கடுத்த மாதம் கிணற்று மோட்டர் பழுதுபார்க்க ஆள் தேடி அலையவேண்டும். இது சமயத்தின் குறை என்று நான் நினைக்கவில்லை. கொடுக்கிற பொருளைக் கொடுக்கிறவரே தீர்மானிக்கும் எந்த இடத்திலும் இதுதான் நடக்கும்.

சமையல்காரர் முதலில் சம்பளமே வேண்டாம் என்றார். பிறகு பாதிச் சம்பளம் என்றார்கள், அதுவும் பிந்தியது. கடைசியில் அவர் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போய்விட்டார். கூட்டத்தில் சிலர் அவரைக் குறைசொன்னார்கள், அல்லாஹ்வுக்காகச் செய்கிற வேலையை விட்டுப் போய்விட்டாராம். என் பார்வையில் அந்த மனிதர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. நாலு பிள்ளைக்காரர். ஊருக்குக் கஞ்சி காய்ச்சிவிட்டுத் தன் வீட்டுக்கு வெறுங்கையோடு போக அவரால் எத்தனை மாதம் முடியும்? அவர் போன கிழமையே அடுப்பு அணைந்தது.

கையில் இருந்தும் கை வைக்க முடியாத அரிசி

அரிசியில் ஒரு பகுதியை விற்றுத் தேங்காய் வாங்கலாமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நிர்வாகத்திலும் சிலருக்கு அந்த எண்ணம் இருந்தது. பள்ளியின் மௌலவி மறித்தார். கோபமில்லாமல், ஆனால் உறுதியாக. அவர் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன்.

களஞ்சியத்தில் இருந்த அரிசியில் பெரும்பகுதி ஸக்காத். ஸக்காத் யாருக்குச் சேரவேண்டும் என்று குர்ஆனின் ஒன்பதாவது அத்தியாயத்தின் 60 ஆவது வசனம் எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் (மார்க்கச் சட்ட மரபு) வழமையான நிலைப்பாட்டில், அது உரியவரின் கையில் சொத்தாகவே சேரவேண்டும். கஞ்சியாக்கி வருகிற எல்லோருக்கும் ஊற்றிவிட முடியாது. முஸ்லிம் அல்லாதவருக்கு ஸக்காத்திலிருந்து கொடுப்பதையும் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. ஸதக்காவுக்கு, அதாவது விரும்பிக் கொடுக்கும் தருமத்துக்கு, இந்தத் தடை கிடையாது. அதை யாருக்கும் கொடுக்கலாம், எப்படியும் கொடுக்கலாம்.

கஞ்சி வரிசையிலோ எல்லோரும் நின்றார்கள். கரைவலைக்காரத் தமிழ்க் குடும்பங்கள், சந்தைப் பக்கம் மூட்டை தூக்குகிறவர்கள், வேலை போன சிங்கள மேசன் ஒருவர். ஸக்காத் அரிசியைப் பயன்படுத்தவேண்டுமென்றால் வரிசையைப் பிரிக்கவேண்டும். ஒரே ஒருவர் அப்படிச் செய்யலாம் என்றார். ஹாஜியார் அவரைப் பார்த்து, "காக்கா, அகப்பையப் புடிச்சிக்கிட்டு ஆளுக்கு ஆள் மார்க்கம் கேக்க நீங்க வருவீங்களா?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

எனவே சமையற்கூடத்தின் பெரிய சொத்து என்று எல்லோரும் நினைத்திருந்தது உண்மையில் சமையற்கூடத்தின் சொத்தே இல்லை. அந்த அரிசி பிறகு பட்டியலெடுத்து, தகுதியான வீடுகளுக்கு உலருணவாகப் போனது. அதற்கென்று வந்தது அதற்கே போனது. சமையற்கூடத்துக்கு மிஞ்சியது ஒரு சின்ன ஸதக்காக் கணக்கும் அணைந்த அடுப்பும்.

இந்தத் தெளிவு வந்ததே பாதி வேலை முடிந்த மாதிரி. அதன்பிறகு மூன்று புத்தகம் போட்டோம்: ஸக்காத் தனி, ஸதக்கா தனி, வக்பு தனி. மூன்றாவது புத்தகம் அப்போது வெறுமையாக இருந்தது.

ஜெரூசலத்தில் ஒரு கிடாரம்

வக்பு என்றால் மூலத்தை அப்படியே நிறுத்தி வைத்து, அதன் பலனை மட்டும் தருமத்துக்குச் செலவழிப்பது. கைபரில் தனக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று நபித்தோழர் உமர் கேட்டபோது, நிலத்தை வைத்துக்கொண்டு விளைச்சலைத் தருமம் செய்யச் சொன்னார் நபிகள் என்பது ஹதீஸ் (நபிமொழி). மௌலவி இதைச் சொன்னபோது எனக்கு ஜெரூசலத்தின் ஒரு சமையற்கூடம் நினைவுக்கு வந்தது. ஓய்வு காலத்தில் பழைய நிறுவனங்களின் கணக்குமுறைகளைப் படிப்பது எனக்கு ஒரு பைத்தியம். இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள அது உதவுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உதுமானியப் பேரரசில் பெரிய பள்ளிவாசல்களை ஒட்டி சமையற்கூடம், பயணிகள் விடுதி, மருத்துவமனை, மத்ரஸா எல்லாம் ஒரே தொகுதியாகக் கட்டுவது வழக்கம். இஸ்தான்புல்லில் சினான் என்ற கட்டடக் கலைஞர் 1550 களில் கட்டிய சுலைமானியா இதற்கு நல்ல உதாரணம். அதே காலத்தில், 1552 இல், சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் ஜெரூசலத்தில் ஒரு சமையற்கூடத்தை நிறுவினார். கூடவே ஒரு பள்ளிவாசல், யாத்திரிகர் தங்க 55 அறைகள். நாளுக்கு இரண்டு வேளை. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் உடைத்த கோதுமைக் கஞ்சி, கூடவே ரொட்டி. வெள்ளி இரவிலும் ரமழான் இரவுகளிலும் ஆட்டிறைச்சிச் சோறும், தேனும் குங்குமப்பூவும் சேர்த்த இனிப்புச் சோறும். ஊழியர்களையும் அறைகளில் தங்குகிறவர்களையும் தவிர நானூறு ஏழைகளுக்கு உணவு என்பது கணக்கு.

இதெல்லாம் வக்புப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. கஞ்சியில் கடலை போடுவது, வெங்காயம் போடுவது, ஆளுக்கு ஒரு அகப்பை கஞ்சியும் ஒரு ரொட்டியும் என்பது வரை. சுமார் ஐம்பது ஊழியர்களும் அவர்களின் கூலியும் அதில் உண்டு. எழுத்தர், களஞ்சியக்காரர், சமையல்காரர்கள், பாத்திரம் கழுவுகிறவர், அரிசியில் கல் பொறுக்குகிறவர் எல்லோரும். எனக்கு இதில் பிடித்தவர் அந்தக் கல் பொறுக்குகிறவர். ஒரு பேரரசி தன் பெயரில் எழுதிய பத்திரத்தில் அவருடைய தினக் கூலிக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். பணம் எங்கிருந்து? ரம்லா, லித்தா பக்கத்துக் கிராமங்களின் வரி வருமானம் முதலாகப் பல சொத்துகள் எழுதிவைக்கப்பட்டன. அதுவும் போதவில்லை. 1558 இல் ஹுர்ரம் இறந்தபிறகு சுலைமான் மேலும் சொத்துகளைச் சேர்க்கவேண்டி வந்தது.

அந்தச் சமையற்கூடம் இன்றும் ஜெரூசலத்தில் இயங்குகிறது. ஹெப்ரோனில் இப்ராஹீம் நபியின் அடக்கத்தலத்தை ஒட்டிய சமையற்கூடம் அதைவிடப் பழையது. 1047 இல் அங்கே போன பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ரொட்டியும், ஒலிவ் எண்ணெயில் சமைத்த ஒரு கிண்ணம் பருப்பும், உலர்ந்த திராட்சையும் கொடுத்ததாக எழுதிவைத்திருக்கிறார். சில நாட்களில் ஐந்நூறு பேர் வரை வந்தார்களாம்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஹாஜியார் சிரித்தார். "அது சுல்தான்ட பெண்சாதி சேர். நாம யாரு?" நியாயமான கேள்வி. ஆனால் சுல்தானின் பணத்தை நான் சுட்டிக்காட்டவில்லை, பத்திரத்தில் இருந்த கல் பொறுக்குகிறவரைச் சுட்டிக்காட்டினேன். எங்கள் பள்ளியில் அரிசிக்குக் கொடுப்பவர் இருந்தார், கல் பொறுக்குகிறவருக்குக் கொடுப்பவர் இல்லை.

ஒரு கடை, ஒரு பத்திரம்

மறுபடி தொடங்கியது ஒரு கடை அறையால். பள்ளியின் ஜமாஅத்தை (பள்ளியைச் சேர்ந்த ஊர்மக்கள்) சேர்ந்த ஒரு வயதான அம்மா, நகருக்குள் தன் பெயரில் இருந்த கடை அறை ஒன்றைச் சமையற்கூடத்துக்கென்று வக்பு செய்ய முன்வந்தார். முதலில் அவர் காசாகக் கொடுத்து வங்கியில் போடத்தான் நினைத்திருந்தார். ஷாஃபிஈ மத்ஹபில் காசையே வக்பு செய்வதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. உதுமானியர் பின்பற்றிய ஹனஃபி மத்ஹபில் அதற்கு இடமிருந்தது. அதனால் கடை அறை.

இலங்கையில் இதற்குச் சட்டம் 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தரும நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டம். பள்ளி பதிவாகியிருக்கவேண்டும், நம்பிக்கையாளர்களை வக்பு சபை நியமிக்கும், ஆண்டுக் கணக்குக் காட்டவேண்டும். இதெல்லாம் முறையாகவே நடந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. சண்டை வந்தது பத்திரத்தின் வாசகத்தில்.

சட்டத்தரணி எழுதிய முதல் வரைவில் "ஏழைகளுக்கு உணவளிக்கும் நோக்கத்துக்காக" என்று ஒரே வரி இருந்தது. அழகான வரிதான். அதை வைத்துக்கொண்டு வாடகைக் காசு முழுவதையும் அரிசிக்கே செலவழித்துவிட்டு மறுபடி அதே குழியில் விழலாம். நான் ஒரு வரிசை எழுதிக் கொடுத்தேன். முதலில் கடையின் பராமரிப்பு. கூரை ஒழுகினால் வாடகை வராது, வாடகை வராவிட்டால் கஞ்சி இல்லை. பிறகு சமையல்காரர், உதவியாள் சம்பளம். பிறகு விறகு, தேங்காய், கழுவுகிற சாமான். எல்லாம் போக மிச்சமிருந்தால் மட்டும் அரிசி. அரிசி கடைசியா என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஊர் எப்படியும் அரிசி தரும், தராததைத்தான் பத்திரம் தரவேண்டும் என்று மௌலவியே அவர்களுக்கு விளக்கினார். வக்புச் சொத்தின் பராமரிப்பு முதலில் வரவேண்டும் என்பதைப் பழைய நூல்களும் சொல்வதாக ஆதாரமும் காட்டினார்.

"ஏழைகள்" என்ற சொல்லுக்குப் பதிலாக "பசியோடு வருகிறவர்கள்" என்று போடவேண்டும் என்பது அந்த அம்மாவின் பிடிவாதம். கையெழுத்து வைக்கிறவர் அவர், போட்டார்கள்.

துண்டு முறை

இரண்டாம் தடவை தொடங்கியபோது, கிராம சேவகரிடம் பட்டியல் வாங்கி, வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்து, துண்டைக் காட்டினால்தான் கஞ்சி என்று வைத்துப் பார்த்தார்கள். வசதியானவர்களும் வந்து வாங்குகிறார்கள் என்பது புகார். சில நாளிலேயே வரிசை பாதியானது. போய்விட்டவர்கள் வசதியானவர்கள் இல்லை, வெட்கப்பட்டவர்கள். வாடகை வீடு மாறி மாறி இருக்கிறவர்களுக்கும் எந்தப் பட்டியலிலும் இடமில்லை. துண்டு முறையைக் கைவிட்டார்கள். வெறும் கஞ்சிக்காக வெயிலில் வரிசையில் நிற்கிற வசதியானவர் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? நின்றால் நிற்கட்டும்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு தேவைப்பட்டது, வைத்தார்கள். வாளியில் வீட்டுக்குக் கொண்டுபோவது நோயாளி உள்ள வீட்டுக்கும் நடக்க முடியாதவருக்கும் மட்டும், மற்றவர்கள் இங்கேயே இருந்து சாப்பிடவேண்டும். உதுமானியச் சமையற்கூடங்களிலும் ஏறத்தாழ இதே விதி இருந்தது என்று பிறகு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாளி எல்லா ஊரிலும் ஒரே பிரச்சினை போலிருக்கிறது.

வார்ட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள்

வரிசையில் நிற்கிறவர்களை விசாரிக்கக்கூடாது என்பது பள்ளியின் கொள்கை. கேட்காமலே சிலர் சொல்வார்கள். அப்படித்தான் ஒரு விஷயம் தெரியவந்தது: வருகிறவர்களில் கணிசமானோர் ஊர்க்காரர்களே இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியோடு நிற்க வந்தவர்கள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு உண்டு, கூட நிற்கிறவருக்கு இல்லை. புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ அவசரமாக அம்புலன்ஸில் வந்தால், கூட வருகிறவர் உடுத்த உடுப்போடுதான் வருவார். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு அந்தப் பக்கத்துப் பயணம் எவ்வளவோ இலகு. ஆனாலும் பஸ்ஸுக்குக் காசு வேண்டும். பதவிசிறிபுரப் பக்கத்திலிருந்து சிறுநீரக நோயாளிகளோடு சிங்களக் குடும்பங்கள் வருகின்றன. கொழும்புப் பக்கத்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரவு பஸ் பிடிக்கக் காத்திருக்கும் புற்றுநோயாளிகளும் உண்டு. ஆண்கள், பள்ளிவாசலின் விறாந்தையில் சாய்ந்துவிடுவார்கள். பெண்கள் எங்கே படுப்பார்கள்? தெரிந்தவர் இல்லாதவர்கள் பஸ் நிலைய வாங்கில் விடிய விடிய இருந்ததாகச் சொன்னார்கள்.

பள்ளிக்குப் பின்னால் பழைய கதிரைகள் போட்டுவைத்திருந்த ஓர் அறையைத் துப்புரவாக்கிப் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். பாய், தலையணை, நுளம்புவலை, பூட்டு, ஒரு கழிவறை. பொறுப்புக்கு ஒரு ராத்தா (அக்கா). அவருக்கும் வக்புக் கணக்கிலிருந்து சம்பளம். இதை நான் வற்புறுத்தினேன், வற்புறுத்தத் தேவையிருக்கவில்லை. யாரும் இப்போது இலவச வேலை பற்றிப் பேசுவதில்லை.

விதி: மூன்று இரவு. விருந்தாளிக்கு மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது தருமம் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். இஸ்தான்புல்லில் ஃபாத்திஹ் பள்ளிவாசலின் பயணியர் விடுதியிலும் மூன்று நாள்தான். பாதை போகிற வணிகனுக்கு அது நல்ல விதி. குழந்தை வார்ட்டில் கிடக்கிற தாய்க்கு அது பொருந்தாது. நாலாம் நாள் காலையில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் போகச் சொல்லவேண்டி வந்தபோது ராத்தா மறுத்துவிட்டார். "இந்தப் பிள்ளய நான் எங்க போகச் சொல்ற ஹாஜியார்? நீங்களே வந்து சொல்லுங்க." ஹாஜியார் வரவில்லை. அதன்பிறகு விதி மாறியது. நாளை எண்ணுவதில்லை. நோயாளி வார்ட்டில் இருக்கும் வரை தங்கலாம், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய அடுத்த காலை கிளம்பவேண்டும். ஒரு காகிதம், ஒரு திகதி. ராத்தாவால் இதைச் சொல்ல முடிகிறது.

நிர்வாகம் ஒரு விஷயத்தில் மட்டும் முடியாது என்றது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லப்பட்ட ஒரு வயதான பெண்ணை, வீட்டில் பார்க்க ஆளில்லாமல், அந்த அறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர் அங்கேயே மௌத்தானார் (இறந்தார்). மௌத்துக்குப் பிறகு நடக்கவேண்டியது எல்லாம் ஒழுங்காக நடந்தது. குளிப்பாட்ட ஆள், கபன் துணி, சந்தாக்கு (உடலைச் சுமக்கும் பெட்டி), மையவாடியில் குழி, தொழுவிக்க மௌலவி. எந்தப் பள்ளியிலும் இதற்குக் குறையிருக்காது. மௌத்துக்கு முந்தைய நாட்களுக்குத்தான் ஒன்றுமே இருக்கவில்லை. வலிக்கு மருந்தில்லை, புண்ணுக்குத் துணி மாற்றத் தெரிந்தவர் இல்லை, ராத்தாவுக்கு இரவுத் தூக்கமில்லை. அறையில் இருந்த மற்றப் பெண்கள் பயந்துபோனார்கள்.

அடுத்த கூட்டத்தில், கடைசிக் காலத்தில் இருப்பவர்களுக்கென்று ஓர் இல்லம் தொடங்கலாம் என்று ஒருவர் உணர்ச்சியோடு பேசினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284 இல் மருத்துவமனை கட்டவில்லையா என்றும் கேட்டார். கட்டினார்தான். காய்ச்சலுக்கும் கண்ணுக்கும் அறுவைக்கும் தனித்தனிப் பகுதி வைத்து, மருத்துவர்களுக்குச் சம்பளம் வைத்து, அதற்கெல்லாம் போதுமான சொத்தும் எழுதிவைத்துக் கட்டினார். எங்கள் கையில் இருப்பதோ ஒரு கடை அறை. தாதி இல்லாமல், வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல், வலி மருந்துக்கு வழியில்லாமல் நோயாளியை ஏற்றுக்கொள்வது இரக்கம் ஆகாது என்று ஹாஜியார் சொன்னார். நான் அவர் பக்கம். அதற்குப் பதிலாக, வீட்டில் கிடக்கும் நோயாளிகளுக்குக் கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு இளைஞர்களை வைத்தார்கள். ஜமாஅத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் முடிந்தபோது கூடப் போகிறார். இது போதுமா என்றால் போதாது. கைக்கு எட்டியது இவ்வளவுதான்.

கடைக் குத்தகை

இப்போதைய நிலை: வெள்ளி தவிர மற்ற நாட்களில் பகல் கஞ்சி, சமையல்காரருக்கு மாதச் சம்பளம், பெண்களுக்கு ஓர் அறை. பழைய சமையல்காரரே திரும்பி வந்துவிட்டார். ரமழானில் முப்பது குடும்பமும் வழக்கம்போல வரிசையில் நிற்கின்றன. ஆனால் பெயர் கொடுக்கிற ஒவ்வொரு குடும்பமும் வேறொரு மாதத்துக்கான ஒரு நாள் தேங்காய் விறகுச் செலவையும் சேர்த்துக் கட்டவேண்டும் என்று ஹாஜியார் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு கட்டினார்கள்.

எனக்கு இன்னும் தீராத கவலை ஒன்றுண்டு. கடையை வாடகைக்கு எடுத்திருப்பவர் நிர்வாகத்தில் ஒருவரின் உறவினர். வாடகை நிர்ணயித்தது நெருக்கடி உச்சத்தில் இருந்த காலத்தில், அன்றைக்கு அது சரியான தொகைதான். இன்று அந்த வீதியில் பக்கத்துக் கடைகள் அதைவிட நன்றாகக் கூடிய வாடகைக்குப் போகின்றன. வக்புச் சொத்துகள் உலகெங்கும் தேய்ந்த வழி இதுதான். யாரும் திருடவேண்டியதில்லை. நீண்ட குத்தகையும் பழைய வாடகையும் தெரிந்த முகமும் சேர்ந்தால் போதும், இரண்டு தலைமுறையில் சொத்து பெயரளவில்தான் இருக்கும். வாடகை எடுத்தவர் மோசமானவர் அல்ல. மாதம் தவறாமல் கட்டுகிறார், ரமழானில் தன் பங்குக்குக் கஞ்சியும் கொடுக்கிறார். அதனால்தான் அவரிடம் கேட்க எல்லோரும் கூச்சப்படுகிறார்கள்.

குத்தகை புதுப்பிக்கும்போது வெளியாள் ஒருவரைக் கொண்டு மதிப்பிடவேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாடகையைத் திருத்தவேண்டும், நிர்வாகத்தினரின் உறவினருக்கு வாடகைக்குக் கொடுப்பதென்றால் அதை ஜமாஅத் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதைப் பற்றி இரண்டு கூட்டம் பேசியும் முடிவில்லை, அடுத்த கூட்டத்துக்குப் போட்டிருக்கிறார்கள்.